முதல் உலகப் போர் கால பிரெஞ்சுப் போர் விமான மாடல் செய்ய ஆசை. எந்த விமானத்தில் தொடங்கலாம்?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: இதுவரை ஜெட் விமான மாடல்கள் செய்து பழக்கம். இப்போது ஸ்பாட் 13 வாங்க நினைக்கிறார். ஆனால் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகளைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறதாம்.

ஸ்பாட் 13 இப்போதைக்கு வேண்டாம். நியூபோர் 11 அல்லது நியூபோர் 17 வாங்குங்கள்.

ஸ்பாட் 13 மேல் கண் போவது நியாயம்தான். 8,000க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் அது. 75 வெற்றிகள் கணக்கில் உள்ள ரெனே ஃபோங்க் ஓட்டியது, அமெரிக்கர் எடி ரிக்கன்பேக்கர் ஓட்டியது. பெட்டி மேல் இருக்கும் படமே ஆளை இழுத்துவிடும். பெட்டியைத் திறந்த பிறகுதான் வேலை தெரியும். கறுப்பு, அடர் பழுப்பு, மணல் நிறம், இரண்டு வகைப் பச்சை என்று ஐந்து நிறக் காமஃப்ளாஜ். அதோடு ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜோடி ஸ்ட்ரட் (மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் தூண்) இருப்பதுபோல் தெரியும். சுமை தாங்குவது வெளி ஜோடி மட்டும்தான். உள்ளே இருக்கும் மெல்லிய ஜோடி, கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பிடித்து, அவை காற்றில் அதிராமல் வைப்பதற்காக. பறப்பதற்கு அருமையான யோசனை. ஆனால் நீங்கள் கட்டும் நூல் ஒவ்வொன்றும் மிகச் சரியாக அந்தப் புள்ளி வழியாகவே போயாக வேண்டும். முதல் மாடலிலேயே இந்தத் தலைவலி எதற்கு?

நியூபோர் கதை வேறு. அதை வடிவமைத்த குஸ்தாவ் தெலாஜ், கீழ் இறக்கையை மேல் இறக்கையைவிட மிகவும் ஒடுக்கமாக வைத்தார். விமானிக்குக் கீழே தரை தெரிய வேண்டும் என்பது அதில் கிடைத்த பெரிய லாபம். ஒடுக்கமான இறக்கைக்குள் ஒரே ஒரு முதுகுக்கட்டைதான் (இறக்கையின் நீளத்துக்கும் உள்ளே ஓடும் உத்தரம்) போடமுடியும். அதனால் மேலிருந்து வரும் இரண்டு ஸ்ட்ரட்டும் கீழே ஒரே இடத்தில் சேர்ந்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரி நிற்கும். மாடல் செய்கிறவருக்கு இது வரப்பிரசாதம். வழக்கமான இரட்டை இறக்கை விமானத்தில் நாலு மூலையும் ஒரே நேரத்தில் சரியாக உட்கார வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். நியூபோரில் கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு புள்ளி, அவ்வளவுதான்.

அந்த ஒற்றை முதுகுக்கட்டைதான் நிஜ விமானத்தின் பலவீனமும். வேகமாக டைவ் அடித்தால் கீழ் இறக்கை முறுக்கிக்கொள்ளும், சில சமயம் பிய்த்துக்கொண்டும் போகும். ஜெர்மானியர்கள் பிடிபட்ட நியூபோர்களைப் பார்த்து அதே ஏற்பாட்டை அல்பட்ராஸ் டி-3 விமானத்தில் வைத்தார்கள். வியாதியும் சேர்ந்தே வந்தது. 1917 ஜனவரியில் புகழ்பெற்ற ஜெர்மன் விமானி ரிக்தோஃபனுக்கே பறக்கும்போது கீழ் இறக்கை விரிசல் விட்டு, மயிரிழையில் தப்பித் தரையிறங்கினார்.

நியூபோர் 11ல் துப்பாக்கி ஏன் மேல் இறக்கையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லரைச் சுடாமல் எப்படி நேராகச் சுடுவது என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய பிரச்சினை. பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் ஒரு முரட்டு வழி கண்டுபிடித்தார். தன் மொரான்-சோல்னியே விமானத்தின் ப்ரொப்பெல்லரில், குண்டு படக்கூடிய இடத்தில், ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தினார். பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் போய்விடும், மீதி தகட்டில் பட்டுத் தெறிக்கும். 1915 ஏப்ரல் 1 அன்று முதல் வெற்றி. அதே மாதம் 18ஆம் தேதி எதிரி எல்லைக்குள் இறங்க நேர்ந்து விமானத்தோடு பிடிபட்டார். சீக்கிரமே, ப்ரொப்பெல்லரின் சுழற்சிக்கு ஏற்பச் சுடும் கருவியோடு ஜெர்மானியரின் ஃபொக்கர் வந்து பிரெஞ்சு விமானங்களை வேட்டையாடத் தொடங்கியது. (பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்கு இருப்பது இவர் பெயர்தான். டென்னிஸ் வீரர் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

1916 தொடக்கத்தில் போர்முனைக்கு வந்த நியூபோர் 11, பிரச்சினையைச் சுற்றிப் போனது. லூயிஸ் துப்பாக்கியை மேலே வைத்து ப்ரொப்பெல்லர் வட்டத்துக்கு மேலாகச் சுட்டார்கள். 47 குண்டு கொண்ட வட்டப்பெட்டி தீர்ந்ததும், பறந்துகொண்டே கையை உயர்த்தி அதைக் கழற்றி இன்னொன்று மாட்ட வேண்டும். நியூபோர் 17ல் விக்கர்ஸ் துப்பாக்கி உடலின் மேல், விமானிக்கு முன்னால், ஒத்திசைவுக் கருவியோடு வந்துவிட்டது. எஞ்சினும் 80 குதிரைத்திறனிலிருந்து 110 ஆனது, இறக்கைப் பரப்பு 13 சதுர மீட்டரிலிருந்து 15 ஆனது.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் பெயின்ட் சரியாக வரும். லெ ரோன் ரோட்டரி எஞ்சினில் நடுத்தண்டு நகராது. ஒன்பது சிலிண்டரும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். உயவுக்கு விளக்கெண்ணெய். பெட்ரோலில் சுலபமாகக் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்பிச் சேராது, அப்படியே புகையோடு வெளியே பீச்சியடிக்கும். விமானிகள் அதைச் சுவாசித்து, விழுங்கி, வயிறு கலங்கி அவதிப்பட்டார்கள். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஜெட் மாடலில் பழகியவர்கள் கை தானாகவே கரும்புகைக் கறையைத் தேடிப் போகும். இங்கே அது தப்பு. எஞ்சின் மூடிக்குக் கீழேயும், உடலின் அடிப்பக்கத்திலும், பழுப்பேறிய, மினுமினுப்பான, கண்ணாடி மாதிரித் தெரியும் எண்ணெய்க் கறைதான் வர வேண்டும். பழுப்பு ஆயில் பெயின்டை நன்றாகக் கரைத்து மெல்லியதாக இழுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் கொடுங்கள். நியூபோர் 11ன் எஞ்சினில், சிலிண்டர்களுக்கு முன்னால் தெரியும் குழாய்கள் செம்பு. அந்த ஒன்பது குழாய்க்கும் செம்பு நிறம் வைத்தாலே முகம் எழுந்து நிற்கும்.

நிறத்தில் பெரிய சிரமம் இல்லை. நியூபோர் 17 பெரும்பாலும் வெள்ளி நிறம், அதாவது துணி மேல் அலுமினியம் கலந்த பூச்சு. உலோகம் மாதிரிப் பளபளக்க விடாதீர்கள்; மங்கலான வெள்ளிதான். ஆரம்ப நியூபோர் 11 என்றால் பூச்சு மட்டும் பூசிய லினன் துணியின் நிறம். டாமியா எக்ஸ்எஃப்-55 பெயின்டை அடியாக வைத்து அங்கங்கே வெளிறச் செய்தால் போதும். கிட்டில் இறக்கை விலா எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். நிஜத்தில் துணி மேளத் தோல்போல விறைப்பாக இருக்கும், பசித்த மாட்டின் வயிறு மாதிரி ஒட்டியிருக்காது. பிரெஞ்சு வட்டத்தில் நடுவே நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷ் வட்டம் இதற்கு நேர்மாறு. டீகால் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டும் அவசரத்தில் வேறு கிட்டின் தாளைக் கலந்துவிட வேண்டாம்.

இனி கம்பி. ஜெட் மாதிரி முழுவதும் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பது இங்கே நடக்காது. உடலையும் கீழ் இறக்கையையும் சேர்த்து, மேல் இறக்கையைத் தனியாக வைத்து, இரண்டுக்கும் பெயின்ட், டீகால், வார்னிஷ் எல்லாம் முடித்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்பே கம்பி போகும் இடங்களில் 0.3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் கையாலேயே துளை போட்டுவிட வேண்டும். பிறகு மேல் இறக்கையை ஒட்டி ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

எந்தக் கம்பி எதற்கு என்று தெரிந்தால் வரைபடம் பார்க்காமலே போடலாம். உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வெளிப்பக்கமாக ஏறி மேல் இறக்கைக்குப் போவது, பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடிக்க. உடலின் உச்சியிலிருந்து இறங்கி 'வி' ஸ்ட்ரட்டின் அடிக்குப் போவது, தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்க. நியூபோரில் இவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரான்களை இயக்குவதும் மேல் இறக்கைக்குள் ஓடும் தண்டுகள்தான் என்பதால், அதற்கென்று வெளியே கம்பி கிடையாது.

நிஜத்தில் 4 மில்லிமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டால் 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48ல் ஒரு பங்கில், 0.08 மில்லிமீட்டர். இருப்பதிலேயே மெல்லிய தூண்டில் நரம்பு வாங்குங்கள். கீழே ஒரு முனையை சூப்பர் க்ளூவால் பிடிக்கவைத்து, மேல் துளை வழியாக வெளியே இழுத்து, ஒரு துணி க்ளிப்பைத் தொங்கவிட்டால் எடைக்கு நேராக நிற்கும். ஊசி முனையில் ஒரு துளி க்ளூ, காய்ந்ததும் ப்ளேடால் வெட்டி, மேலே துளிப் பெயின்ட். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தியது முறுக்கிய உருண்டைக் கேபிள் என்பதால் நரம்பு பொருத்தமாக இருக்கும். பிரிட்டிஷ் விமானங்களில் பட்டையான கம்பி, அங்கே இதே நரம்பு அவ்வளவு எடுக்காது.

இன்னொரு வழி, கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் ப்ளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி முடி மாதிரி இழுத்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டுவது. கொஞ்சம் தொய்வாக ஒட்டினாலும் பரவாயில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி, படாமல் பக்கத்தில் கொண்டுபோனால் சுருங்கி விண்ணென்று நிற்கும். ரொம்பப் பக்கத்தில் போனால் அறுந்துவிடும். மேஜை விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

எந்த விமானியின் விமானம் என்று தேர்ந்தெடுப்பது உங்கள் விருப்பம். ஷார்ல் நஞ்செஸ்ஸேவின் வெள்ளி நியூபோர் 17தான் எனக்குப் பிடித்தது. கறுப்பு இதயத்துக்குள் மண்டையோடு, சவப்பெட்டி, இரண்டு மெழுகுவர்த்தி. மனிதர் எமனையே வம்புக்கு இழுத்தவர். போரில் தப்பித்து, 1927 மே மாதம் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிக் காணாமல் போனார். வித்தியாசமாக வேண்டும் என்றால் ராக்கெட் மாட்டிய நியூபோர் 11 செய்யலாம். இவ் ல் ப்ரியூர் என்ற கடற்படை அதிகாரி உருவாக்கிய ராக்கெட்டுகள், ஒவ்வொரு 'வி' ஸ்ட்ரட்டிலும் நான்கு. 1916 மே மாதம் வெர்டன் பக்கம் ஜெர்மன் கண்காணிப்பு பலூன்களைக் கொளுத்தியது இவற்றால்தான்.

கிட் என்றால் எடுவார்ட் நிறுவனத்தின் 1/48. செய்து முடித்தால் இறக்கை நீளம் 16, 17 சென்டிமீட்டர் வரும். ப்ரொஃபிபேக் பெட்டியில் உலோகத் தகட்டுப் பாகங்களும் மாஸ்க்கும் வரும், வீக்கெண்ட் பெட்டியில் வராது. சீட் பெல்ட்டுக்காகவே நான் முதலாவதைச் சொல்வேன். 1/72 விலை குறைவு, ஆனால் கம்பி வேலைக்கு அது உங்கள் விரலுக்கு அடங்காது. 1/32ல் காப்பர் ஸ்டேட் மாடல்ஸின் நியூபோர் அழகு, பர்ஸ்தான் தாங்க வேண்டும்.

அதை முடித்த கையோடு ஸ்பாட் 13க்குத் தாவாமல் நடுவில் ஒரு ஸ்பாட் 7 செய்யுங்கள். ஸ்ட்ரட் ஏற்பாடு ஸ்பாட் 13ல் உள்ள அதேதான், ஆனால் பெரும்பாலும் ஒரே இளமஞ்சள் நிறம், ஐந்து நிறச் சண்டை இல்லை. பிரெஞ்சு விமானி கினெமெர் ஓட்டிய நிஜ ஸ்பாட் 7 பாரிஸ் பக்கத்தில் ல புர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்கள் இணையத்தில் எல்லாக் கோணத்திலும் கிடைக்கும். ஸ்பாட்டில் தண்ணீரால் குளிரும் இஸ்பானோ-சுயிசா எஞ்சின் என்பதால், அங்கே விளக்கெண்ணெய்க் கறையை மறந்துவிட்டு, பக்கவாட்டுப் புகைக்குழாய்க்குப் பின்னால் உங்கள் பழைய கரும்புகையைத் தாராளமாகப் போடலாம்.