ஐபி 69கே வாங்கினால் தீருமா?

கேள்வி: எங்கள் ஆலையில் காய்கறி கழுவி, நறுக்கி, பாக்கெட் போடுகிறோம். கழிவைத் தனியே தள்ளும் மடல் கதவை முன்பு காற்று சிலிண்டர் இயக்கியது. கம்ப்ரசர் செலவு கட்டுபடியாகவில்லை என்று 24 வோல்ட் மின்சார லீனியர் ஆக்சுவேட்டருக்கு, அதாவது மோட்டார் ஸ்குரூவைச் சுழற்றி ஒரு ராடை முன்னும் பின்னும் தள்ளும் கருவிக்கு, மாறினோம். கதவு நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து மூடும். ராடு 150 மில்லிமீட்டர் ஓடும், மேல் நோக்கி இருக்கிறது. லைன் நின்றதும் குளிர்ந்த தண்ணீரில் அலசி, காஸ்டிக் நுரை அடித்து, கடைசியில் பிரஷர் வாஷரில் சுடுநீர் அடிக்கிறோம். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண் 66 என்று எழுதியிருந்தும் ஏழு மாதத்தில் மூன்று ஆக்சுவேட்டர் போய்விட்டது; திறந்தால் உள்ளே தண்ணீர். "ஐபி 69கே போடுங்கள், அப்புறம் கவலையே இல்லை" என்கிறார் டீலர். விலை இரண்டு மடங்குக்கு மேல். வாங்கலாமா?

பதில்: கடைசியில் வாங்க வேண்டி வரலாம். ஆனால் மற்றதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு இன்றைக்கு வாங்கினால், நான்காவதும் அதே வழியில்தான் போகும். கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் எல்லோரும் பிரஷர் வாஷரைச் சந்தேகப்படுகிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மோட்டார் சூட்டை. இந்த மாதிரி சிறிய ஆக்சுவேட்டர் வினாடிக்கு 10 மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டருக்குப் போக 15 வினாடி, திரும்ப 15 வினாடி. நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் பாதி நேரம் ஓடுகிறது, அதாவது 50 சதவீதம். நேம்பிளேட்டைப் பாருங்கள், பெரும்பாலும் 25 சதவீதம் என்றுதான் இருக்கும்: 10 நிமிடத்தில் இரண்டரை நிமிடம் ஓடலாம், ஏழரை நிமிடம் ஓய்வு. அதுவும் சாதாரண அறை வெப்பத்தில், சொன்ன பாரத்துக்குள். கதவு கீழே விழாமல் தானாக நிற்கிறது அல்லவா, அந்த வகை ஸ்குரூவில் மோட்டார் தரும் சக்தியில் பாதிக்கு மேல் உராய்வில் சூடாகவே போய்விடும். சாயங்காலம் லைன் நிற்கும்போது உங்கள் ஆக்சுவேட்டர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

அந்த நிமிடத்தில்தான் குளிர்ந்த தண்ணீர் அடிக்கிறீர்கள்.

சூடாக எதையாவது போட்டு மூடிய எவர்சில்வர் டப்பா, ஆறிய பிறகு மூடி திறக்க வராமல் அடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதை. பகல் முழுக்க சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ராடைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வழியாகவும் கேபிள் வழியாகவும் மெல்ல வெளியேறிவிடுகிறது. பிறகு 70 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சட்டென்று ஆறினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் இறங்கும். ஆக்சுவேட்டரை ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரில் முக்கி வைத்ததற்குச் சமம் இது. வெளியே என்ன இருக்கிறதோ அதை உள்ளே இழுக்கும். ராடு மேல் நோக்கி இருப்பதால் சீலைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அதுதான் உள்ளே போகிறது. கடைசியில் சுடுநீர் அடித்து மறுபடி சூடாக்கி, ராத்திரி முழுக்க ஆறவிடுகிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூச்சு!

சரி, ஐபி எண்ணுக்கு வருவோம். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 66 என்றால் 12.5 மில்லிமீட்டர் குழாய் முனையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரை இரண்டரை, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து அடித்துப் பார்த்தார்கள். 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்தார்கள். 69கே என்றால் 80 டிகிரி சுடுநீர், 80 முதல் 100 பார் அழுத்தம், 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம், நான்கு கோணம், கோணத்துக்கு 30 வினாடி. உங்கள் ஆள் பிரஷர் வாஷர் முனையை ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறார் என்றால், அந்த விதத்தில் 69கே பக்கம் டீலர் சொல்வதில் நியாயம் உண்டு. 67 என்பது 66-ஐவிடப் பெரிது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூழ்கித் தேறியது பீய்ச்சலில் தேற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எண்ணும் எழுதியிருக்க வேண்டும்.

இந்தச் சோதனை எல்லாமே புதிய உருப்படியில், நல்ல தண்ணீரில், பெரும்பாலும் ராடு அசையாமல் நடப்பவை. ஆறு மாதம் ராடு உள்ளே வெளியே போய்த் தேய்ந்த சீலைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. காஸ்டிக்கைப் பற்றியும் சொல்வதில்லை. விற்கும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், எரிச்சலோடுதான் பேசுவேன். டீலர் காட்டும் டேட்டாஷீட்டில் வேகம் ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம் இருக்கும். அந்த வேகம் பாரமே இல்லாதபோது. அந்த பாரம் ஊர்கிற வேகத்தில். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பாரம்-வேகம் வரைகோட்டைக் கேளுங்கள், 'அனுப்புகிறேன் சார்' என்பார், வராது. ஐபி எண்ணுக்குச் சோதனை அறிக்கை கேளுங்கள். நீங்கள் வாங்கும் அதே மாடல் எண், அதே ஓட்ட நீளம், கனெக்டர் சேர்த்துச் சோதித்ததா என்று பாருங்கள். 'இதற்கு இணையான தரம்' என்று எங்காவது எழுதியிருந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கனெக்டரின் ஐபி எண் முழுதாக மாட்டி முறுக்கிய பிறகுதான் செல்லும். கையால் அரைத் திருப்பு குறைந்தால் அது வெறும் ஓட்டை.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் 69கே ஆக்சுவேட்டர்தான் வாங்கினோம். கேபிள் உள்ளே நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட் மட்டும் 'தனி அயிட்டம்' என்று பர்ச்சேஸ் பிரித்தெடுத்து, குறைந்த கொட்டேஷனுக்கு விட்டது. வந்தது தடித்த கேபிளுக்கான கிளாண்ட். எங்கள் கேபிளோ ஒல்லி. ஸ்டோர் ஆள் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றி இறுக்கினார். நான்கு மாதத்தில் போர்டு பச்சை பூத்துவிட்டது. வாரன்டி கேட்டால், உள்ளே தண்ணீர் போனதால் வாரன்டி கிடையாது என்று பதில். தண்ணீர் போகாது என்று விற்ற பொருளுக்கு! அந்த ஃபைல் ஐந்து மேஜை சுற்றி வந்தது, கடைசியில் கையெழுத்து போட்டவர் அதைப் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

உங்கள் மூன்றாவது ஆக்சுவேட்டரைக் குப்பையில் போடுவதற்கு முன் மேஜையில் வைத்துத் திறங்கள். முன்பக்கம், ராடு வெளியே வரும் இடத்துக்குள் கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் ராடு சீல் வழியாக வந்தது. அங்கே கிரீஸ் நன்றாக இருந்து, பின்பக்கம் ஒயர் முனைகளில் பச்சையாகப் படிந்திருந்தால் கேபிள் வழியாக வந்தது. கேபிளின் மறு முனையையும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஈரமான ஜங்ஷன் பாக்ஸில் அது வெட்டி விட்டபடி இருந்தால், ஒயர் இழைகளுக்கு நடுவிலேயே தண்ணீர் ஊர்ந்து வரும். ஆக்சுவேட்டர் மூச்சிழுக்கும்போது அந்தக் கேபிள் ஸ்ட்ரா மாதிரி. எந்த ஐபி எண்ணாலும் அதைத் தடுக்க முடியாது. அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொருக்கும் குழியும் இருந்தால் காஸ்டிக் தின்கிறது. அப்படியானால் ஸ்டீல் உடம்புதான், அதில் பேரம் கிடையாது.

சீல் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்கேஎம், இபிடிஎம் என்று ரப்பரில் வகைகள் உண்டு. விலை கூடிய எஃப்கேஎம் சீல் எதற்கும் தாங்கும் என்று விற்பார்கள். சூடான காஸ்டிக்கில் அது சுகப்படாது. இபிடிஎம் தாங்கும். ஆனால் மினரல் எண்ணெய் கிரீஸ் பட்டால் இபிடிஎம் ஊதிவிடும், அதனால் உள்ளே என்ன கிரீஸ் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த மூச்சிழுப்புக்கு மருந்தாகக் காற்று மட்டும் போய்வரும் சின்ன மெம்பரேன் வென்ட் ஒன்று உண்டு. திருகு மாதிரி இருக்கும். காற்றை விடும், தண்ணீரை விடாது. அழுத்தம் சமமாகிவிடுவதால் சீல் தண்ணீரை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. பல இடங்களில் இதையே முதலில் போடச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அதை விளக்கியாக வேண்டும். அந்த மெம்பரேன் தண்ணீரைத் தடுப்பது அதில் தண்ணீர் ஒட்டாததால்தான். தாமரை இலை போல என்று வையுங்கள். தாமரை இலைமேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் உருண்டு ஓடாது, பரவி ஒட்டும். உங்கள் காஸ்டிக் நுரையில் நுரைப்பதற்கென்றே சோப்பு சாதிப் பொருள் கலந்திருக்கும். அது மெம்பரேனை நனைத்துவிட்டால் அடுத்து வரும் தண்ணீர் தாராளமாக உள்ளே போகும், இல்லாவிட்டால் காய்ந்து துளையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மறுபடி பழைய கதை. சோப்பையும் எண்ணெயையும் தாங்கும் விதமான மெம்பரேன்கள் வருகின்றன, ஆனால் அவற்றையும் நேரே நுரை படும் இடத்தில் வைக்க எனக்கு மனசு வராது. வென்ட் வேண்டும் என்றால் ஒரு மெல்லிய குழாயைக் கண்ட்ரோல் பேனல் இருக்கும் உலர்ந்த அறை வரை இழுத்துவிடுங்கள், மூச்சு அங்கிருந்து போய்வரட்டும். அந்த வசதி ஆக்சுவேட்டரிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களாக உடம்பில் துளை போட்டுவிடாதீர்கள்.

காசு செலவழிக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது கழுவும் முறையை மாற்றுவது. லைன் நின்றதும் மற்ற இடங்களை முதலில் கழுவட்டும். ஆக்சுவேட்டர் இருக்கும் பகுதிக்குக் கடைசியாக வரட்டும், அதற்குள் அது ஆறியிருக்கும். கழுவும்போது ராடு முழுக்க உள்ளே இழுத்த நிலையில் இருக்கட்டும். அடுத்து, முடிந்தால் ராடு கீழ் நோக்கி வரும்படி பிராக்கெட்டைத் திருப்புங்கள். தண்ணீர் வழிந்து போய்விடும். ஆனால் அப்போது கேபிள் பக்கம் மேலே வரும். கேபிளை நேராக மேலே கொண்டு போகாமல் கீழே ஒரு தொய்வு விட்டு ஏற்றுங்கள், வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். முனையை உலர்ந்த பெட்டியில்தான் முடிக்க வேண்டும்.

பிறகு சூடு. கதவு உண்மையிலேயே நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டுமா என்று உற்பத்திப் பிரிவைக் கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை போதும் என்றால் 25 சதவீதத்துக்கு வந்துவிடுகிறீர்கள். முடியாது என்றால் தொடர்ந்து ஓடக்கூடிய பால் ஸ்குரூ (ball screw) வகை, அதாவது உள்ளே குண்டுகள் உருளும் ஸ்குரூ, வேண்டும். அது சூடாவது குறைவு, ஆனால் தானாக நிற்காது. கரண்ட் போனால் கதவு தன் எடையில் இறங்கிவிடும், கீழே யாராவது கை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிரேக் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில்: உங்கள் மடல் திறந்தும் மூடியும் இரண்டே நிலையில்தான் நிற்கிறது. நடுவில் எங்கும் நிற்க வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்று சிலிண்டரே பொருத்தம். வேலை செய்யும்போது உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் அது தண்ணீரை இழுக்காது, சூடாகவும் ஆகாது. கம்ப்ரசர் செலவு கட்டுபடியாகவில்லை என்றீர்கள். ஒரு நாள் லைன் நின்றிருக்கும்போது கம்ப்ரசர் எத்தனை முறை தானாக ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது அது ஓடினால், காசு போவது பைப் கசிவில். அந்தக் கணக்கை எடுத்த பிறகு 69கே கொட்டேஷனுக்குப் பதில் எழுதுங்கள்.