கோபாத்துக்கு வெளியே கோ நிரல்: சார்புகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் கோ மொழி நிரல் கோபாத்துக்கு (கோ நிரல்களுக்கான பழைய பணியிட ஃபோல்டர்) வெளியே இருக்கிறது. நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களை, அதாவது சார்புகளை, திட்டத்துக்குள்ளேயே நகலாக வைக்கும் வெண்டார் ஃபோல்டரில் போட்டும் கம்பைலர் சீந்தவே இல்லை. ஏன்?

பதில்: பழைய முறையில் இறக்குமதிப் பாதை கோபாத்தின் 'எஸ்ஆர்சி' ஃபோல்டரை வைத்துத்தான் கணக்கிடப்படும். அதற்கு வெளியே இருக்கும் வெண்டார் ஃபோல்டரைக் கம்பைலர் பார்க்காது. 2018இல் கோ 1.11 கொண்டுவந்த மாட்யூல் முறைதான் (திட்டமே தன் பெயரையும் சார்புகளையும் ஒரு கோப்பில் குறித்துவைப்பது) இதைத் தீர்த்தது.

திட்டத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் 'கோ மாட் இனிட் கிட்ஹப்.காம்/பயனர்/திட்டம்' என்று கொடுங்கள். அடுத்து, சார்புகளின் பட்டியலைச் சரிசெய்ய 'கோ மாட் டைடி'. உருவாகும் கோ.மாட் (சார்புகளின் பட்டியல்), கோ.சம் (அவற்றைச் சரிபார்க்கும் குறியீடுகள்) இரண்டையும் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) சேருங்கள். கோ.சம்மை விட்டுவிட்டால், மற்றவர் இயந்திரத்தில் பில்ட் பாதியில் நிற்கும்.

வெண்டார் வேண்டுமென்றால் கையால் நகலெடுக்காதீர்கள். 'கோ மாட் வெண்டார்' போதும். கோ.மாட்டில் கோ பதிப்பு 1.14 அல்லது அதற்கு மேல் இருந்தால், பில்ட் தானாகவே அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தும். பிறகு கோ.மாட்டை மாற்றினால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். இல்லையென்றால் வெண்டாருக்குள் இருக்கும் மாட்யூல்ஸ்.டெக்ஸ்ட் பொருந்தவில்லை என்று பிழை வரும்.

கேள்வி: ஒரு கருவியை நிறுவ 'கோ கெட்' கொடுத்தால் கோ.மாட் இல்லை என்கிறது.

பதில்: கோ 1.18 முதல் 'கோ கெட்' சார்புகளை மாற்ற மட்டுமே. கருவிக்கு 'கோ இன்ஸ்டால்' கொடுத்து, பாதையின் முடிவில் '@லேட்டஸ்ட்' சேருங்கள்.

கேள்வி: சார், நூலகம், செயலி இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்துகிறேன். நூலகத்துக்குப் பதில் என் வட்டில் உள்ள நகலை எடுக்கச் சொல்லும் ரீப்ளேஸ் வரியைக் கோ.மாட்டில் போடுவது சரியா?

பதில்: வேலை செய்யும், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். ரீப்ளேஸ் முதன்மை மாட்யூலில் மட்டுமே செல்லும். உங்கள் மாட்யூலைச் சார்பாக எடுப்பவர்களுக்கு அது கணக்கில் வராது. தவிர, உங்கள் வட்டில் உள்ள பாதை மறதியாகக் கிட்டுக்குள் போய்விடும். கோ 1.18 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு என்றால், இரண்டுக்கும் மேலே உள்ள ஃபோல்டரில் 'கோ ஒர்க் இனிட் ./செயலி ./நூலகம்' கொடுங்கள். அப்போது வட்டில் உள்ள இரண்டும் சேர்ந்தே பில்ட் ஆகும். உருவாகும் கோ.ஒர்க்கைக் கிட்டில் சேர்க்காதீர்கள். நூலகத்துக்கு டேக் (கிட்டில் பதிப்பு எண்ணைக் குறிக்கும் அடையாளம்) போட்டு, செயலியில் அந்தப் பதிப்பை 'கோ கெட்' செய்தபின், கோ.ஒர்க்கை ஒதுக்க கோஒர்க்=ஆஃப் என்று வைத்து ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். டேக் மறந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தனியார் ரெப்போவில் (கிட் களஞ்சியம்) உள்ள நூலகத்தை எடுக்கும்போது 404, 410 என்று 'கிடைக்கவில்லை' பிழைகள் வருகின்றன.

பதில்: கோ 1.13 முதல் கோரிக்கை முதலில் நூலகங்களை இடையில் நின்று தரும் பொதுப் பிராக்ஸிக்கும், அவை மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் சர்வருக்கும் போகிறது. அவற்றால் உங்கள் ரெப்போவைப் பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், ரெப்போவின் பெயர் வெளியே கசிகிறது. 'கோ என்வி -டபிள்யூ கோபிரைவேட்=' என்பதற்குப் பின் உங்கள் களப்பெயரைக் கொடுத்தால் இரண்டையும் தாண்டி நேரே போகும். அதன்பின் 'டெர்மினல் பிராம்ப்ட்ஸ் டிசேபிள்டு' என்று வந்தால், கோ கடவுச்சொல் கேட்க கிட்டை விடவில்லை என்று பொருள். கிட் அமைப்பில் 'இன்ஸ்டெட்ஆஃப்' மூலம் எச்டிடிபிஎஸ் முகவரியை எஸ்எஸ்எச்சுக்கு (கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பால் நுழையும் இணைப்பு) திருப்புங்கள்.

கேள்வி: சார்புக்குப் புதுப் பதிப்பு வந்தால் தானாக ஏறுமா?

பதில்: ஏறாது. ஒரே நூலகத்தின் 1.2ஐ ஒரு சார்பு கேட்டு, 1.5ஐ இன்னொன்று கேட்டால், 1.9 வெளிவந்திருந்தாலும் 1.5தான் எடுக்கப்படும். நீங்களாக 'கோ கெட் -யு' கொடுத்தால்தான் உயரும். அப்போதும் 2க்குத் தாவாது. வி2 என்றால் இறக்குமதிப் பாதையிலேயே '/வி2' இருக்க வேண்டும்.