மூச்சுப் பயிற்சி செய்தால் படபடப்பு கூடுகிறதா?

விபத்துக்குப் பிறகு, கண்ணை மூடி ஆழமாக மூச்சு இழுத்தால் விரல் நுனி மரத்து, தலை சுற்றி, படபடப்பு ஏறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, பயிற்சியின் அளவில்தான் தப்பு. பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் அதனால் வரும். மனசு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது.

கண்ணைத் திறந்தே வையுங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருங்கள். மூக்கு வழியே 4 எண்ணும்வரை சாதாரண மூச்சு, 6 எண்ணும்வரை மெல்ல வெளியே. வயிறு லேசாக அசைந்தால் போதும், தோள் ஏறக் கூடாது. 2 நிமிடம், அவ்வளவுதான். உடம்பு முழுக்கக் கவனிக்கும் நீண்ட தியானம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு உள்ளே கவனிப்பதே தூண்டுதலாகிவிடும்.

நடுவில் படபடத்தால் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தலையை மெதுவாகத் திருப்பி கதவு, ஜன்னல் சட்டம், சுவர் மூலை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளங்கையால் தொடையை அழுத்துங்கள்.

கெட்ட கனவு, அந்தச் சாலையையே தவிர்ப்பது எல்லாம் 1 மாதம் தாண்டியும் நீடித்தால், மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயின்ற உளவியல் நிபுணரிடம் போங்கள். ஈஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைக்கவைத்து, அதிர்ச்சி நினைவின் தாக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை) தெரியுமா என்று கேளுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் மட்டும் முதலில் டாக்டர்.