பழைய 'பல்ப்' (மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான) மாயக்கதைப் பத்திரிகைகளை அட்டை ஓவியத்துக்காகச் சேகரிக்க எங்கே தொடங்கலாம்?

அட்டைதான் உங்களை இழுக்கிறது என்றால், அமெரிக்காவின் 'வியர்ட் டேல்ஸ்' இதழின் 1930களில் தொடங்குங்கள். 1923இல் சிகாகோவில் தொடங்கிய பத்திரிகை அது. 1932 முதல் மார்கரெட் பிரண்டேஜ் வரைந்த அட்டைகளுக்கு ஈடாக வேறு எதையும் நான் வைக்க மாட்டேன். பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் வரைந்தார், மேனி நிறத்தில் அப்படியொரு மென்மை! 'எம். பிரண்டேஜ்' என்றே கையெழுத்திட்டதால், வரைந்தவர் பெண் என்பது பல வாசகர்களுக்குத் தெரியவில்லை. பாஸ்டல் தொட்டாலே கலையும். மூல ஓவியங்கள் கிடைப்பது அரிது. அச்சான இதழ்தான் நமக்கு வழி.

சரி, வாங்கும்போது? உள்ளே மலிவான மரக்கூழ்த் தாள். அமிலத்தால் பழுப்பேறி ஓரம் பொடிந்துவிடும். அட்டையும் முதுகும் முழுதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், அமிலமில்லாத கெட்டி அட்டை வைத்த மைலார் (ஒருவகைத் தெளிந்த பிளாஸ்டிக்) உறையில், வெயில் படாமல் வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே வேண்டாம், பசை கறையாகிவிடும்.