ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோ வச்சுப் பேசுறது) லைசென்ஸுக்கு இருந்த மோர்ஸ் (புள்ளி கோடு சத்தத்துல எழுத்து அனுப்புற முறை) டெஸ்டை ஏன் தூக்கினாங்க? தூக்கினது சரியா?

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ பேசணும்னா மோர்ஸ் தெரிஞ்சிருக்கணும்னு ஐ.டி.யூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) உலகத்துக்கே பொதுவா ஒரு விதி வச்சிருந்துச்சு, ஏன்னா கப்பல், கடலோர ஸ்டேஷன் எல்லாம் அங்க மோர்ஸ்லதான் பேசிக்கிட்டிருந்தாங்க, ஹாம் ஆளு குறுக்க வந்தா "நகரு"ன்னு சொல்றது அவருக்குப் புரியணும்ல. 1999ல கப்பல்களே வேற சிஸ்டத்துக்கு மாறிட்டாங்க. 2003 ஜெனீவா மாநாட்டுல, அந்தந்த நாடே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டாச்சு, அமெரிக்கா 2007ல டெஸ்டையே தூக்கிடுச்சு.

கஷ்டப்பட்டு வர்றவன்தான் ஒழுங்கா இருப்பான்ங்கிறது டெஸ்ட் வேணும்ங்கிற பெருசுங்க வாதம். எனக்கு இது ஒத்துக்கல, காது கூர்மைக்கும் நடத்தைக்கும் என்ன சம்பந்தம்? (டெஸ்ட் இருந்த காலத்துலயும் ஹாம் அலைவரிசைல சண்டை நடந்துச்சு.)

அதுக்காக மோர்ஸ் வேஸ்ட்னு சொல்லாதீங்க. எஸ்.எஸ்.பி.ங்கிற முறைல குரல் அனுப்ப 2400 ஹெர்ட்ஸ் கிட்ட அகலம் வேணும், மோர்ஸ் 150 ஹெர்ட்ஸ்ல அடங்கிடும், சக்தி சின்ன இடத்துல குவியும், அதனால அலை நல்லா பரவுற நேரமா இருந்தா 5 வாட்லயே கண்டம் தாண்டிப் போகும். கத்துக்கணும்னா புள்ளி கோடு சார்ட்ட மனப்பாடம் பண்ணாம, Q எழுத்துன்னா "டா டா டி டா"ன்னு சத்தமாவே காதுல ஏத்துங்க, எழுத்த ஆரம்பத்துலேயே வேகமா கேட்டு இடைவெளிய மட்டும் கூட்டிக்கோங்க.