கடைசி முப்பது கேள்விகள் எங்கே தொலைந்தன?

கேள்வி: குரூப் 4 தேர்வு எழுதினேன். வீட்டில் மாதிரித் தாளை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். தேர்வுக்கூடத்திலோ கடைசி முப்பது கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. வேகமாகப் படிக்கப் பழக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீட்டில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகினீர்களா? பலரும் நோட்டில் விடையைக் குறிப்பதோடு சரி. 200 கேள்விக்கு 180 நிமிடம். ஒன்றுக்கு 54 விநாடி. ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து விநாடி என்று வைத்தாலும் மொத்தம் ஏறக்குறைய 17 நிமிடம். உங்கள் முப்பதில் பாதிக்கு மேல் அங்கேயே போயிருக்கும்.

மீதியைத் தின்றது பிடிவாதம். வட்டிக் கணக்கு ஒன்று இழுத்தடித்தால், ‘இவ்வளவு தூரம் போட்டாயிற்றே’ என்று விட மனம் வராது. நான்கு நிமிடம் கரையும். அதற்கும் 1.5 மதிப்பெண்தான், பத்து விநாடியில் முடியும் எதிர்ச்சொல்லுக்கும் 1.5 தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பதறும்போது கேள்வியின் கடைசிச் சொல் கண்ணில் படாது. ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று படித்து, தெரிந்த விடையையே தவறவிடுவோம். எழுதாமல் விட்டதைவிட எனக்கு இதுதான் வருத்தம்.

காலை 9.30-க்குத் தொடங்கினால் தமிழின் 100 கேள்விகளை 10.40-க்குள் முடியுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வட்டங்களை நிரப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்து, அவசரத்தில் ஒரு வரிசை தள்ளிப்போனால் அடுத்தடுத்த விடைகள் எல்லாம் பாழ். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. அதனால் ஒரு நிமிடத்தில் பிடிபடாத கேள்விக்கு வினாத்தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் அந்தப் புள்ளிகளுக்கு. இத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ‘விடை தெரியவில்லை’ என்னும் ஐந்தாவது வட்டம் தருவது பூஜ்யம். நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் நிரப்பினாலும் இருபது கேள்விக்குச் சராசரியாக 7.5 கிடைக்கும். (மதிப்பெண் குறைக்கும் யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் இந்தக் கணக்கு செல்லாது.)

அடுத்த மாதிரித் தேர்வுக்கு ஓ.எம்.ஆர். தாளின் அச்சுப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு, கறுப்புப் பேனாவுடன், நடுவில் எழாமல் மூன்று மணி நேரம் உட்காருங்கள்.