ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச் வைக்கலாமா, அல்லது மெக்கானிக் சொல்வதுபோல் "டைரக்ட்" கொடுத்துவிடலாமா?

நெரிசலில் நிற்கும்போது மட்டும் வெப்பமானி முள் மேலேறுகிறது என்றும், ஃபேனை டைரக்ட் (சாவி போட்டால் எந்நேரமும் ஓடும்படி) கொடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும், அதைவிட டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து வேண்டும்போது போட்டுக்கொள்வது நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையது கார்புரேட்டர் காலத்துச் சிறு கார் என்பதால் ஸ்விட்ச் தாராளமாக வைக்கலாம். ஆனால் அது ஏற்கெனவே உள்ள தானியங்கி ஏற்பாட்டோடு கூடுதலாகச் சேர வேண்டும். அந்த ஏற்பாட்டை அகற்றிவிட்டு அதன் இடத்தில் உட்காரக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த வண்டியில் நேர்ந்த இழப்பே காரணம்.

2011-ஆம் ஆண்டு, நான் பழையதாக வாங்கிய கார் ஒன்றில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதி வளைவுகளைக்கூடத் தாண்டாத நிலையில் வண்டி கொதித்துவிட்டது. ஃபேன் சுற்றவே இல்லை. எப்படியோ கீழே கொண்டுவந்து காட்டியபோது, அங்கிருந்த எலக்ட்ரீஷியன், தண்ணீர் சூடேறினால் ஃபேனைத் தானாகப் போடும் தெர்மோ ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்து, அதன் வழியாகவே ஃபேனை ஓடவிட்டார். சில மாதங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் என் தம்பி அந்த வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனான். ஸ்விட்சைப் பற்றி அவனிடம் சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் மூடிய ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தபோது அது அவன் நினைவுக்கு வரவில்லை. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய், எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்போல ஆகிவிட்டது. சிலிண்டர் ஹெட் வளைந்திருந்ததால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்து சமதளமாக்க வேண்டியதாயிற்று. அப்போது அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தால், அதன் பிளாஸ்டிக் உடலும் உருகத் தொடங்கியிருந்தது. ஃபேன் மோட்டாரின் முழு மின்னோட்டத்தையும் அந்தச் சிறு ஸ்விட்ச் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே, ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் ஃபேன் ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். தெர்மோ ஸ்விட்ச் என்பது தண்ணீரில் முனை தோய்ந்திருக்கும்படி திருகப்பட்ட ஒரு வெப்ப ஸ்விட்ச். பெரும்பாலான சிறு கார்களில் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சில டிகிரிகளில் தொடர்பைச் சேர்த்து, அதைவிடச் சற்றுக் குறைந்ததும் பிரித்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதன் சொருகியைக் கழற்றி, இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒற்றை முனை மட்டும் இருந்தால் அந்த ஒயரை பாடி எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில், தொட வேண்டும். ஃபேன் சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், ஒயர் எல்லாம் நலமாக உள்ளன. குறை பெரும்பாலும் தெர்மோ ஸ்விட்சில்தான். சுற்றாவிட்டால், நீங்கள் நினைக்கும் புதிய ஸ்விட்சாலும் பயன் இருக்காது.

தெர்மோ ஸ்விட்சைக் கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் சூடாக்கி மல்டிமீட்டரால் சோதிப்பது நல்ல முறை. ஆனால் மலையூரில் இருப்பவர்கள் இதில் ஏமாறக்கூடும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; 95 டிகிரியில் சேரும் நல்ல ஸ்விட்சையும் பழுது என்று தூக்கி எறிந்துவிட வாய்ப்புண்டு.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் மட்டம் இறங்கி, தெர்மோ ஸ்விட்சின் முனையைச் சுற்றி ஆவியோ காற்றோ தங்கிவிட்டால் அது உண்மையான வெப்பத்தை உணராது. ஃபேன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் வராமல் போவதற்கு இது முக்கியமான காரணம். அப்போது ஸ்விட்சைப் போட்டால் காலியான ரேடியேட்டருக்குத்தான் விசிறிக்கொண்டிருப்போம். எனவே கூலன்ட் மட்டத்தையும் ரேடியேட்டர் மூடியையும் முதலில் பாருங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால், வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

நெரிசலில் மட்டும் சூடேறினால் ஃபேனைச் சந்தேகிப்பது சரி. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலும் முள் ஏறுகிறது என்றால் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். அப்போது அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு (சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தண்ணீர் பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் வழக்கமும் நம் பட்டறைகளில் உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

டைரக்ட் கொடுப்பது பற்றி. அம்பாசடரில் எஞ்சின் நீளவாக்கில் இருந்ததால், ஃபேன் தண்ணீர் பம்ப்பின் முனையிலேயே பெல்ட்டோடு சேர்ந்து எந்நேரமும் சுற்றியது. அதற்கு ஸ்விட்ச் என்ற பேச்சே இல்லை. 1983 இறுதியில் வந்த மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருப்பதால், முன்பக்க ரேடியேட்டருக்கு மின்சார ஃபேன் தேவைப்பட்டது. அதை டைரக்டாகக் கொடுத்தால் எஞ்சின் கெட்டுவிடாது. தண்ணீர் சூடாகும்வரை தெர்மோஸ்டாட் வால்வு மூடியே இருப்பதால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். ஆனால் நெடுஞ்சாலையில் தேவையே இல்லாத நேரத்திலும் மோட்டார் ஓடி அதன் கார்பன் பிரஷ் தேயும். ஒருநாள் அது நின்றுபோனால், எப்போதும் ஓடும் ஃபேனை யாரும் கவனிக்காததால், முள் சிவப்பைத் தொடும்போதுதான் தெரியவரும். ஸ்விட்ச் மட்டும் வைப்பதைவிட டைரக்ட் கொடுப்பது மேல். இரண்டையும்விடத் தானியங்கியோடு சேர்ந்த ஸ்விட்ச் மேல்.

இனி ஒயரிங். நான்கு கால் உள்ள 12 வோல்ட் ரிலே ஒன்று போதும். ரிலே என்பது சுருளில் பாயும் சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். 85, 86 சுருளின் கால்கள்; 30, 87 பெரிய மின்னோட்டம் போகும் கால்கள். சிறு கார்களின் ஃபேன் மோட்டார் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. ரிலேயின் சுருளோ 0.15 முதல் 0.2 ஆம்பியர்தான் கேட்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்து, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30-ஆம் காலில் கொடுங்கள். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. ஆகையால் அது ஒயரின் தொடக்கத்தில் இருப்பதுதான் முறை. 87-ஆம் காலிலிருந்து ஃபேன் மோட்டாரின் பாசிட்டிவுக்கும், மோட்டாரின் நெகட்டிவிலிருந்து நல்ல பாடி எர்த்துக்கும் அதே தடிமன் ஒயர் போகட்டும். 86-ஆம் காலுக்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இடத்திலிருந்து, சிறு ஃபியூஸ் ஒன்றின் வழியாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஸ்விட்சை அணைக்க மறந்து வண்டியைப் பூட்டிவிட்டுப் போகும் நாளில், 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கைந்து மணி நேரத்தில் காலியாகிவிடும்.

முக்கியமான இணைப்பு 85-ஆம் கால்தான். அதிலிருந்து வரும் ஒயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கும், மற்றொன்றை டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கும் கொண்டுபோங்கள். இரண்டில் எது சேர்ந்தாலும் ரிலே இழுக்கும், ஃபேன் சுற்றும். நீங்கள் ஸ்விட்சை மறந்தாலும் தெர்மோ ஸ்விட்ச் தன் வேலையைச் செய்யும். தெர்மோ ஸ்விட்ச் பழுதானாலும் உங்கள் கை இருக்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, டேஷ்போர்டுக்குப் போகும் அந்த மெல்லிய ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டுவிட்டாலும் ஃபேன் ஓடத் தொடங்குமே தவிர ஷார்ட் ஆகித் தீப்பிடிக்காது என்பதுதான். பாசிட்டிவ் ஒயரை டேஷ்போர்டுக்குள் இழுத்து ஸ்விட்ச் வைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தெர்மோ ஸ்விட்சும் இனி மோட்டாரின் பளுவைச் சுமக்காததால் நீண்ட நாள் உழைக்கும். ஃபேனை அணைத்து வைக்கும் மூன்றாம் நிலை கொண்ட ஸ்விட்சை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் போய்விடும். எஞ்சின் அறையிலிருந்து ஒயர் உள்ளே நுழையும் துளையில், ஒயர் உராயாமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் கட்டாயம் வேண்டும். ரிலேயை, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் பொருத்துங்கள். ஒயர்களை முறுக்கி டேப் சுற்றாமல், லக் (ஒயரின் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) வைத்து அழுத்துங்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும். ஒற்றை முனைத் தெர்மோ ஸ்விட்ச் என்றால் அதன் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்ற வேண்டாம். எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

இவை அனைத்தும் கார்புரேட்டர் வண்டிக்கு. இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) உள்ள கார்களில் வெப்ப சென்சாரைப் படித்து ஃபேன் ரிலேயை இழுப்பது இ.சி.யு.தான். அந்தக் கட்டுப்பாட்டு ஒயரை நாம் எர்த் செய்தால், தான் கட்டளையிடாமலே ரிலே இழுப்பதைக் கவனித்து, சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் ஃபேன் உள்ள புதிய வண்டிகளில் இந்த வேலையில் கை வைக்கவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் சென்சார் சொருகி கழன்றாலே ஃபேன் முழு வேகத்தில் ஓடும்படி இ.சி.யு. அமைந்திருக்கிறது.

பொருத்திய பின் முதல் சோதனை ஸ்விட்சுக்கு அல்ல. வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, ஸ்விட்சைத் தொடாமல், முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகு ஃபேன் தானாக வருகிறதா, சற்று நேரத்தில் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கையால் போட்டுப் பழகிவிட்டால் தெர்மோ ஸ்விட்ச் செத்துப்போனது தெரியாமலே போகும். 87-ஆம் காலிலிருந்து ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்தால் ஃபேனுக்கு மின்சாரம் போவது ஓட்டுபவருக்குத் தெரியும். மோட்டார் உண்மையில் சுற்றுகிறதா என்பதை மட்டும் காதால்தான் கேட்டறிய வேண்டும்.

மலைப்பாதையில் முள் ஏறும்வரை காத்திருக்காமல், முதல் வளைவிலேயே ஸ்விட்சைப் போட்டுவிடுகிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை உடனே அணைப்பதில்லை. அணைத்தால் தண்ணீர் பம்ப்பும் நின்றுவிடும் என்பதால், ஃபேனோடு இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன். இந்த ஒயரிங்கோடு கொல்லிமலைக்கு மீண்டும் இரண்டு முறை போய்வந்துவிட்டோம். இரண்டாம் முறை வண்டியை ஓட்டியவன் என் தம்பி.